திடீர் டீச்சரின் கால அட்டவணை

மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் ஆசிரியைக்கு அவரைப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டின் மேல் அட்டையைத் தவிர அதற்கு வேறெங்கும் வேலை இல்லை. பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், வாசல் காவலாளிக்கும், ஏன், சக ஆசிரியர்களுக்கும்கூட அவர் ‘திடீர் டீச்சர்’தான். முதலில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவர் காதில் விழுந்ததும் கோபப்படுவார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவரோ உச்சி குளிர்ந்து போய், அன்றைக்கே கரும்பலகையில் அந்தப் பெயரைத் தானே எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டார்.

பிறந்ததே திடீரென்றுதான். ஜன்னலுக்குத் திரைத்துணி எடுக்கப் போன அவருடைய அம்மா, எட்டு முழம் வெட்டச் சொல்லிவிட்டு, துணியைக் கையில் வாங்கும் முன்பே வலி கண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மருத்துவர்கள் சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அன்று பிடித்த அவசரம் நாற்பத்தாறு வயதாகியும் அவரை விடவில்லை. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் யார் தெரியுமா? பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை நிமிடம் தாமதம் என்று நாள் முழுக்கக் குறித்துக்கொண்டிருக்கும் மனிதர். இந்த இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். நன்றாகவே நடத்தினார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் வகுப்பு ஒரு கொண்டாட்டம். பெருக்கல் கணக்கு பாதியில் நிற்கும், டீச்சர் மேசை மேல் தாளம் தட்டிப் பாட ஆரம்பித்துவிடுவார். ‘எல்லாரும் மேசைக்கு அடியில போங்க’ என்பார், போனால் அங்கேதான் அன்றைய கதை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இடம் மாற்றுவார். யார் பக்கத்தில் யார் என்பது அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டுகிற அந்த நொடியில்தான் முடிவாகும். முப்பத்து மூன்று பிள்ளைகளும் அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாக இதே கதைதான். என் பிள்ளையை ‘ஆ’ பிரிவில் போடுங்கள் என்று சிபாரிசு பிடித்து வருகிறவர்களைச் சமாளிப்பதே தலைமையாசிரியருக்குப் பெரும்பாடாக இருந்தது.

முப்பத்து நான்காவதாக வந்தவள் சிட்டு. வீட்டில் கூப்பிடுகிற பெயர் அது. எட்டு வயது. அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரர். பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து, தலைமையாசிரியரின் அறையில் அந்த அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“பாப்பாவுக்கு ஆட்டிசம் இருக்கு டீச்சர். வியாதி கிடையாது, அவ மூளை வேலை செய்யற விதமே அப்படி. படிப்பெல்லாம் நல்லா வரும். ஆனா ரெண்டு பள்ளிக்கூடத்துல ஒத்து வரலைன்னு அனுப்பிட்டாங்க. இந்தத் தாள்ல எல்லாம் எழுதியிருக்கேன். நீங்க ஒரு தடவை...”

“நீங்க கவலையே படாதீங்கம்மா,” என்றார் டீச்சர், தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் திணித்தபடி. “என் வகுப்புக்கு வந்து அழுத குழந்தையே கிடையாது. பாருங்க, ஒரே வாரம்.”

மறுநாள் காலை என்ன செய்தார் என்பதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் அவர் அதை எவ்வளவு ஆசையோடு செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். முப்பத்து மூன்று பேரையும் கதவுக்குப் பின்னாலும் மேசைக்கு அடியிலும் ஒளித்து வைத்தார். விளக்கை அணைத்தார். பலூன் கட்டினார். சிட்டு வாசலில் கால் வைத்ததும் விளக்கு பளிச்சென்று எரிய, முப்பத்து மூன்று தொண்டைகள் ஒரே நேரத்தில் “வருக” என்று அலற, டீச்சர் கையில் இருந்த பலூன் வேறு டமாரென்று வெடித்தது.

சிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினாள். தாழ்வாரம், படிக்கட்டு, விளையாட்டு மைதானம், நேரே வெளிவாசல் கேட். கேட்டுக்கு வெளியே பேருந்துகள் பறக்கும் சாலை. காவலாளி பாய்ந்து அவள் தோளைப் பிடித்தார். பிடித்ததும் அவள் இன்னும் பெரிதாக அலறினாள். டீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்து பார்த்தபோது, குழந்தை கேட்டின் அடியில் சுருண்டு உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். பலூனின் கிழிந்த ரப்பர் டீச்சர் கையிலேயே இருந்தது.

கூச்சம், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றுதான் அவர் நினைத்தார். அதனால் அன்பைக் கூட்டினார். பின்னாலிருந்து வந்து கட்டிப்பிடித்தார்; ஓட்டம் நம்பர் இரண்டு. திங்கட்கிழமை வழக்கம்போலக் கண்ணை மூடி விரல் நீட்டி அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்; ஓட்டம் நம்பர் மூன்று. பாட்டுக்கு நடுவே திடீரென்று அவள் பெயரைச் சொல்லி ஆடக் கூப்பிட்டார், நான்கு. நடுவில் அவள் சந்தோஷமாக இருந்த நேரமும் உண்டு. அப்போதெல்லாம் விரல்களை முகத்துக்கு அருகே வைத்துப் படபடவென்று அடித்துக்கொள்வாள். டீச்சர் அந்தக் கையையும் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிடுவார். ‘அப்படிச் செய்யக் கூடாதும்மா’ என்பார்.

நான்காவது ஓட்டத்துக்குப் பிறகு தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் அல்ல. எப்போதும் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருக்கிற, எல்லா இடத்துக்கும் வேகவேகமாகப் போகிற மனிதர்.

“அந்தக் கேட்டை நான் நாள் முழுக்கப் பூட்டி வைக்க முடியாது டீச்சர். வண்டி வரணும், போகணும். ஒரு நாள் காவலாளி தண்ணி குடிக்கப் போன நேரமா இவ ஓடினா? எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது. இந்தப் பருவம் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை கேட் வரைக்கும் ஓடினா, அவங்க அம்மாவைக் கூப்பிட்டு வேற இடம் பாருங்கன்னு சொல்லிடுவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க.”

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்றாவது பள்ளியும் அனுப்பிவிட்டது என்றால் அந்தத் தையல்காரம்மா அடுத்து எந்த வாசலில் போய் நிற்பார்? அதுவும் தன்னால்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து, கைப்பையின் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ஐந்து வாரம் கழித்து. வாங்கிய அன்றே படிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த அம்மா குண்டு குண்டான எழுத்தில், பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்.

‘திடீர்னு சத்தம் வந்தா காதுக்குள்ள ஊசி போற மாதிரி இருக்குன்னு அவளே சொல்லியிருக்கா. தொடறதுக்கு முன்னாடி கேளுங்க. உங்க கண்ணைப் பார்க்கலைன்னா கவனிக்கலைன்னு அர்த்தம் இல்லை, பார்க்காம இருந்தாத்தான் நல்லாக் கேக்கும் அவளுக்கு. விரலை ஆட்டினா சந்தோஷமா இருக்கான்னு அர்த்தம், தடுக்காதீங்க. சட்டைக் காலர்ல இருக்கற லேபிள் குத்தும், அதனால வெட்டிட்டேன். ஆனா வெட்டின லேபிளைப் படிக்க ரொம்பப் பிடிக்கும். அடுத்தது என்னன்னு முன்னாடியே சொல்லிட்டா எங்க சிட்டு மாதிரி பிள்ளை கிடையாது.’

டீச்சர் அதை மூன்று தடவை படித்தார். அவமானமாக இருந்தது. கணவர் குடையை மாட்டிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“என்னம்மா, ஆறு அஞ்சு ஆச்சு, இன்னும் டீ போடலை?”

“ஏங்க, என் வகுப்புல ஒரு குழந்தைக்கு ஆச்சரியம்னாலே பிடிக்கலைங்க. உலகத்துல அப்படியும் ஒருத்தர் இருப்பாங்களா?”

கணவர் தன் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் ஏதோ சொல்ல வருகிறார் என்று அர்த்தம்.

“என்னோட நாற்பதாவது பிறந்த நாளுக்கு விளக்கை அணைச்சுட்டு எல்லாருமாக் கத்தினீங்களே, ஞாபகம் இருக்கா?”

“ஏன் இல்லாம? உங்க தங்கச்சிதான் கேக் ஒளிச்சு வெச்சா. நீங்க சந்தோஷத்துல கண்ணெல்லாம் கலங்கி பாத்ரூமுக்குப் போயிட்டீங்களே.”

“சந்தோஷத்துல இல்லம்மா. படபடப்பு அடங்கலை. இருபது நிமிஷம் வாளி மேல உட்கார்ந்திருந்தேன்.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“நீ அவ்வளவு ஆசையா செய்யும்போது எப்படிச் சொல்றது? எனக்கும் கொண்டாட்டம் பிடிக்கும். ஆனா என்ன நடக்கப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா, அந்தச் சந்தோஷத்தை நான் ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவேன். நீ திடீர்னு கொடுத்தா எனக்கு அந்த ரெண்டு நாளும் போச்சு.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. எழுந்து போய் டீ போட்டார். கொண்டுவந்து வைக்கும் முன், “டீ வருது, இன்னும் பத்து செகண்ட்ல,” என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். கணவர் சிரித்த சிரிப்பை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

தெரிந்துகொண்டால் போதுமா? தெரிந்ததைச் செய்ய வேண்டுமே. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் நாளைக்கு என்ன என்று யோசிக்காத மனுஷி, கணவரின் உதவியோடு ஒரு கால அட்டவணை போட்டார். சிட்டுவின் அம்மா ஒரு டப்பா நிறைய வெட்டிய லேபிள்களைக் கொடுத்தனுப்பியிருந்தார். அவற்றில், துணியைத் துவைக்கலாம் என்றால் ஒரு தொட்டிப் படம், இஸ்திரி போடலாம் என்றால் ஒரு இஸ்திரிப் பெட்டிப் படம், கூடாது என்றால் அதன் மேல் ஒரு பெருக்கல் குறி. டீச்சர் அதையே பிடித்துக்கொண்டார். எழுதும் நேரத்துக்குப் பென்சில் படம், பாட்டுக்குத் திறந்த வாய், கதைக்குப் புத்தகம், கூடாததற்குப் பெருக்கல் குறி என்று கையகல அட்டைகள் வரைந்து, நேரத்தோடு கரும்பலகை ஓரத்தில் வரிசையாக ஒட்டினார். யார் எங்கே உட்காருவது என்பதும் அட்டையில் வந்தது. சிட்டு ஜன்னலோரக் கடைசி பெஞ்சு, வருடம் முழுக்க.

முதல் நாள் காலை சிட்டு கரும்பலகை முன்னால் நின்று அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். லேபிள் படிக்கிற மாதிரியே, மூக்கு படும் அளவுக்குக் கிட்டே போய். படித்து முடித்ததும் விரல்கள் படபடவென்று ஆடின. டீச்சர் தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஐயோ, இவ்வளவு நாளாக இந்தச் சந்தோஷத்தையா பிடித்து இறக்கிக்கொண்டிருந்தேன்’ என்று மனம் அடித்துக்கொண்டது.

அட்டவணை சிட்டுவுக்குச் சுலபமாக இருந்தது. அல்லாடியது டீச்சர்தான். பதினோரு மணிக்குக் கணக்கு என்று போட்டிருக்கும். இவர் யானைக்கு எத்தனை பல் என்று ஆரம்பித்து எங்கேயோ போய்விடுவார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

“டீச்சர், பதினொன்னு அஞ்சு.”

“ஒரே நிமிஷம் செல்லம், இந்த யானையை...”

“யானை அட்டையில இல்ல.”

வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். டீச்சரும் சிரித்துக்கொண்டே யானையைப் பாதியில் விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவார். மறுநாள் யானைக்கும் ஓர் அட்டை வரும், பத்து நிமிடத்துக்கு. ஆச்சரியங்களையும் அவர் விடவில்லை, எப்படி விட முடியும்? அதற்கும் அட்டை போட்டார். ‘10.40. ஆச்சரியம். என்னவென்றால்: டீச்சர் பாடுவார். எவ்வளவு நேரம்: நான்கு நிமிடம். சத்தம்: நடுத்தரம்.’ முதலில் இதைப் பார்த்துப் பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். பிள்ளைகளோ பத்து மணியிலிருந்தே பென்சிலைக் கடித்துக்கொண்டு 10.40க்குக் காத்திருந்தார்கள். கணவர் சொன்னது அப்படியே பலித்தது.

அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு பாய் போட்டு, சிட்டுவின் அம்மா தைத்துக் கொடுத்த கனமான திரையைத் தொங்கவிட்டார்கள். கேட்டைப் பார்த்து ஓட வேண்டும் போலிருந்தால் அங்கே போய் உட்காரலாம். யாரும் பின்னாலேயே வந்து ‘என்ன ஆச்சு’ என்று கேட்கக் கூடாது. ஒரு வாரத்தில் மற்ற பிள்ளைகளும் அங்கே போக ஆரம்பித்தார்கள். அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன், தலைவலி வந்தவள், சும்மா தனியாக இருக்க ஆசைப்பட்டவர்கள். கடைசியில் அதற்கும் டீச்சர் நேரம் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஐந்தாவது ஓட்டம் வரவே இல்லை.

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பருவம் முடிவதற்குள் தீயணைப்புப் பயிற்சி ஒன்று நடக்கும். சைரன் அடித்ததும் எல்லா வகுப்பும் மைதானத்துக்கு வர வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்பது முன்கூட்டித் தெரிவிக்கப்படாது. டீச்சர் ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தார். பயிற்சியின்போது தீயணைப்பு வண்டி வர வசதியாகக் கேட்டை அகலத் திறந்து வைப்பார்கள். அறிவிப்பில்லாத சைரன், திறந்த கேட். இதைவிட மோசமாக யாராலும் திட்டம் போட்டிருக்க முடியாது.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார். “எனக்கு மட்டுமாவது தேதியைச் சொல்லுங்க சார். அந்தக் குழந்தைகிட்ட முன்னாடியே சொல்லணும்.”

“நெருப்பு சொல்லிட்டா டீச்சர் வரும்?” என்றார் அவர், வருத்தத்தோடுதான். “நாளைக்கு நிஜமாவே பிடிச்சா அவ என்ன செய்வா? அதுக்குத்தானே பயிற்சி. தேதி சொல்ல மாட்டேன். சைரன் எப்படி இருக்கும், எந்த வழியா போகணும், இதெல்லாம் நீங்க எவ்வளவு வேணும்னாலும் சொல்லிக் கொடுங்க. அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை.”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் டீச்சருக்கு எரிச்சல்.

மறுநாள் காலை அட்டவணையில் ‘சைரன் பற்றிப் பேச்சு’ என்று ஓர் அட்டை இருந்தது. டீச்சர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். சைரன் ஏன் அடிக்கிறது, எவ்வளவு நேரம் அடிக்கும், யார் அடிப்பார்கள். சிட்டு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்ப?” என்றாள்.

“எனக்குத் தெரியாதும்மா.”

“யாருக்குத் தெரியும்?”

“தலைமையாசிரியருக்கு.”

சிட்டு எழுந்து நடந்தாள். டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னாலேயே போனார். தலைமையாசிரியர் அறைக் கதவை அவள் மூன்று தடவை தட்டினாள், உள்ளே போனாள், அவருடைய மேசைக் காலண்டரைப் பார்த்தபடி கேட்டாள்.

“சைரன் எப்ப?”

“அது... சொல்லக் கூடாதும்மா. சொன்னா அது பயிற்சி ஆகாது.”

சிட்டு காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரி. எந்த மாசம்?”

“இந்த மாசம்தான்.”

“ஞாயித்துக்கிழமை அடிக்குமா?”

“ஞாயித்துக்கிழமை பள்ளியே இல்லையே.”

“சனிக்கிழமை?”

“இல்லை.”

“சாப்பிடும்போது அடிக்குமா?”

“சேச்சே, சாப்பிடும்போது எப்படி? கையெல்லாம் சோறா இருக்கும்.”

“காலையில வந்த உடனே?”

“இல்லைம்மா. எல்லாரும் வந்து சேர்ந்திருக்க மாட்டாங்களே.”

“எவ்வளவு நேரம் அடிக்கும்?”

“ஒரு நிமிஷம்.” சொல்லி முடித்த பிறகுதான் தலைமையாசிரியருக்குத் தான் எவ்வளவு சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. டீச்சர் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பு வெளியே வந்துவிடாதபடி.

சிட்டு வகுப்புக்குத் திரும்பி, தன் கையாலேயே ஓர் அட்டை எழுதினாள். ‘சைரன். இந்த மாதம். திங்கள் முதல் வெள்ளி வரை. காலையில் வந்த உடனே அல்ல. சாப்பாட்டு நேரம் அல்ல. ஒரு நிமிடம். அதன் பிறகு நின்றுவிடும்.’ எப்போது என்று தெரியாத ஒரு விஷயத்தைச் சுற்றி நாலா பக்கமும் வேலி போட்டாகிவிட்டது. வேலிக்குள் இருந்தால் அவளுக்குப் பரவாயில்லை. இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்திய டீச்சருக்கு இந்த யோசனை தோன்றவே தோன்றியிருக்காது.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. டீச்சர் சைரன் சத்தத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சத்தத்தைக் கூட்டுகிற குறைக்கிற பட்டன் சிட்டுவின் கையில். முதல் நாள் கொசு பறக்கிற அளவுக்கு வைத்து, மூன்று நொடியில் நிறுத்திவிட்டாள். மறுநாள் ஐந்து நொடி. ஒரு நாள் முடியாது என்று திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், அன்றைக்கு அவ்வளவுதான். தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்குப் போடுகிற காது மூடி ஒன்றை அம்மா வாங்கி வந்து கொடுத்தார். வகுப்பு முழுவதும் தினமும் ஒரு தடவை மைதானத்துக்கு நடந்து பழகினார்கள். அதற்கும் ஓர் அட்டை. நடக்கிற கால்கள் ஒரு படம். ஓடுகிற கால்களுக்கு மேல் பெரிய பெருக்கல் குறி. மைதானத்தில் நீல வட்டம், அதுதான் நிற்கும் இடம். சிட்டு அந்த அட்டையைக் கயிற்றில் கோத்துக் காது மூடியோடு சேர்த்து மேசை ஓரத்தில் மாட்டிவைத்தாள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை. மணி 10.42. அட்டையில் போட்டபடி டீச்சர் நடுத்தரச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தார். சைரன் அலறியது.

யார் அதிர்ந்து போனது தெரியுமா? திடீர் டீச்சர். பாட்டில் ஊறிப்போயிருந்தவர் துள்ளிக் குதித்து, கையில் இருந்த சாக்பீஸ் பெட்டியைக் கொட்டி, ஒரு கணம் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் நின்றார். அடுத்த கணம் கண்கள் கடைசி பெஞ்சுக்குப் பறந்தன.

சிட்டு காது மூடியை மாட்டிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. தொண்டைக்குள் ஒரே சுருதியில் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். அட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டாள், கதவுப் பக்கம் வந்தாள், நடந்தாள். அவளுக்குப் பின்னால் முப்பத்து மூன்று பேரும் நடந்தார்கள். டீச்சர் கடைசியில் வந்தார்.

தாழ்வாரத்தில் ஒரே களேபரம். மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். படிக்கட்டை விட்டு இறங்கியதும் நேர் எதிரே கேட், அகலத் திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. சிட்டு நின்றாள். கேட்டைப் பார்த்தாள். டீச்சர் அவளைப் பிடிக்க நீட்டிய கையைப் பாதியிலேயே மடக்கிக்கொண்டார். தொட்டால் எல்லாம் கெடும். தொடாவிட்டால்? அந்தச் சில நொடிகளில் அவர் வேண்டாத தெய்வம் இல்லை.

அந்த நேரம் பார்த்து அலுவலகப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கியும் கையுமாகத் தலைமையாசிரியர் தலைதெறிக்க ஓடி வந்தார். அவருக்கும் இதே பயம்தான். கேட்டுக்கும் குழந்தைக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும் என்றுதான் அப்படி ஓடி வந்தார்.

சிட்டு அவரைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“சார், ஓடக் கூடாது. நடக்கணும்.”

தலைமையாசிரியர் நின்றார். மூச்சு வாங்கியது. அட்டையைப் பார்த்தார், ஓடுகிற கால்களின் மேல் போட்டிருந்த பெருக்கல் குறியைப் பார்த்தார். நான்கு ஓட்டங்களையும் எண்ணி வைத்திருந்த மனிதர். அவர் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“சரிம்மா,” என்றார் தலைமையாசிரியர். நடந்தார். அவள் பக்கத்திலேயே, அவள் வேகத்துக்கு, மைதானத்தின் நீல வட்டம் வரைக்கும். கேட்டை இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

சைரன் நின்றது. முப்பத்து நான்கு பேரும் வட்டத்துக்குள் இருந்தார்கள். சிட்டு தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடினாள். யாரும் பக்கத்தில் போகவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்துக் காது மூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கினாள். தலைமையாசிரியர் அதுவரை அங்கேயே, கொஞ்சம் தள்ளி, வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கிட்டே வந்து குனிந்தார்.

“அடுத்த பருவத்துல இன்னொரு தடவை சைரன் அடிக்கும்,” என்றார் மெதுவான குரலில். “திங்கள்ல இருந்து வெள்ளிக்குள்ள. சாப்பாட்டு நேரம் இல்லை. இப்பவே குறிச்சு வெச்சுக்கோ.”

சிட்டுவுக்கு அது ஒரு தகவல். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். டீச்சருக்கு அது அடுத்த பருவம். அடுத்த பருவமும் சிட்டு இங்கேதான் இருப்பாள். ஜன்னலோரக் கடைசி பெஞ்சில், அட்டையில் இல்லாத யானைகளைப் பிடித்து நிறுத்திக்கொண்டு. அந்தத் தையல்காரம்மா இனி எந்த வாசலிலும் போய் நிற்க வேண்டாம். தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார். நடந்துதான் போனார்.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழந்தையை அப்படியே அள்ளித் தூக்க வேண்டும், தலைகால் புரியாமல் ஆட வேண்டும், ஊரே கேட்கும்படி கத்த வேண்டும். பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“சிட்டு, டீச்சருக்கு இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்கு. அதனால ஒரே ஒரு தடவை கத்தப் போறேன். சத்தம் ரொம்பப் பெரிசு. மூணு செகண்ட். கத்தலாமா?”

சிட்டு காது மூடியை இரண்டு பக்கமும் இழுத்துச் சரியாக மாட்டிக்கொண்டாள். அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ம், கத்துங்க.”

டீச்சர் கத்தினார். முப்பத்து மூன்று பேரும் கூடவே கத்தினார்கள். கேட் பக்கம் நின்ற காவலாளி பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். சிட்டு கையை எடுத்து, காது மூடியைக் கழற்றி, டீச்சரின் மூக்கை மட்டும் பார்த்தபடி சொன்னாள்.

“அஞ்சு செகண்ட் ஆச்சு.” சொல்லிவிட்டு, விரல்களை முகத்துக்கு அருகே வைத்துப் படபடவென்று ஆட்டினாள்.